நூல் மாதிரி ஒரு ஒயர்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதன்முதலா மகளிர் குழு ஆரம்பிச்சப்ப, பொம்பளைங்க கூடி உக்காந்து பணம் சேர்க்கிறதே பெரிய விஷயமா இருந்திருக்கும். இன்னைக்கு நாம கடன் வாங்கறோம், கட்டறோம், பேங்கு மேனேஜர்கிட்ட நேருக்கு நேரா பேசறோம். அதைப் பத்தி எல்லாம் பெரியவங்க பேசுவாங்க. என்னைப் பேசச் சொன்னது வேற. "போன வருஷம் லேப்டாப்பைக் கழட்டினியே, அதைச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பா ஏதும் சொன்னா பொறுத்துக்கோங்க.

நம்ம கூட்டமைப்புக்குன்னு சொந்தமா கம்ப்யூட்டர் கிடையாது. என் நாத்தனார் பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் குடுத்த லேப்டாப்தான் இத்தனை நாளா ஓடுது. அந்த இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கினது. நம்ம ஊர்லயே எத்தனையோ வீட்டுல அது இருக்கு. பாதி பேர் வீட்டுல பீரோ மேல துணி சுத்திக் கிடக்குது. நாத்தனார் கல்யாணமாகிப் போகும்போது, "அண்ணி, நீங்க கணக்கு எழுதுறீங்களே, வச்சுக்கோங்க"ன்னு குடுத்துட்டுப் போனா. அதுலதான் எல்லாக் குழுவோட சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஏத்தி, வட்டாரத்துக்கும் பேங்குக்கும் மெயில் அனுப்பிக்கிட்டு இருந்தேன். போன்லயே பண்ணலாமேன்னு சில பேர் கேப்பீங்க. அத்தனை குழுக் கணக்கை அந்தச் சின்னக் கண்ணாடியில பாத்தா நமக்குக் கண்ணு போயிடும், ஒரு சைபர் கூடக் குறைய விழுந்தா குழுவுக்குள்ள சண்டையே வரும்.

போன வருஷம் ஐப்பசி மாசம். திடீர்னு லேப்டாப்புல வைஃபை எடுக்கல. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா பேரு வரும், போகும். மெயில் பாதியில நின்னுடும். அடுத்த திங்கட்கிழமைக்குள்ள 6 குழுவுக்கு பேங்குக் கடன் பட்டியல் அனுப்பியாகணும். டவுன்ல ஒரு கடையில கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நின்ன நிலையிலேயே ஆன் பண்ணிப் பாத்துட்டு, "போர்டு பிரச்சனை மாதிரி இருக்கு, 4,500 ரூபா ஆகும், அதுவும் உறுதி சொல்ல முடியாது, பழைய மாடல், பேசாம வேற வாங்கிடுங்க"ன்னுட்டார். அவரையும் குத்தம் சொல்ல வரல. கடை நிறைய ஆளு, அவருக்கு நேரம் இல்ல.

வியாழக்கிழமை கூட்டத்துல இதைச் சொன்னேன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 18,000 ஆகும்னு விசாரிச்சு வச்சிருந்தோம். கையிருப்பு 24,000 இருந்துச்சு. வாங்கிடலாம்னு முடிவு ஆகற நேரத்துல கடைசி வரிசையில இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு நின்னாங்க. கடைமடையில குத்தகை நிலம் வச்சிருக்கற அக்கா. 20,000 கடன் கேட்டு ஒரு மாசமா காத்துக்கிட்டு இருந்தவங்க. "நாத்து விட்டு 30 நாள் ஆகப்போகுது. இந்த வாரம் பறிச்சு நடலேன்னா முத்திப் போயிடும். நட்டாலும் தூர் கட்டாது. லேப்டாப்பு அடுத்த மாசம் வாங்கக்கூடாதா?"ன்னு கேட்டாங்க. சத்தம் போட்டுக் கேக்கல. மெதுவாத்தான் கேட்டாங்க.

யாருக்கும் பதில் சொல்லத் தெரியல. பட்டியல் போகலேன்னா 6 குழு பாதிக்கும். கடன் குடுக்கலேன்னா ஒரு குடும்பத்தோட ஒரு போகம் போகும். எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க, நான் ஒரு தடவை பாத்துடறேன்"னு சொல்லிட்டேன். என்ன பாக்கப் போறேன்னு எனக்கே தெரியாது. "கழட்டினா திரும்பச் சேத்து வைக்கத் தெரியுமா?"ன்னு ஒரு குரல் வந்துச்சு. நியாயமான கேள்விதான்.

வெள்ளிக்கிழமை காலையில சித்தி மகனுக்கு போன் பண்ணேன். ஐடிஐ படிச்சிட்டு வெளியூர்ல வேலை பாக்கற தம்பி. அவர் எடுத்த உடனே கழட்டச் சொல்லல. நாலு கேள்வி கேட்டார். அந்த நாலு கேள்வியத்தான் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.

முதல் கேள்வி: போனை லேப்டாப் மேலயே வச்சா நெட் வருதா, தள்ளி வச்சா போகுதா? வச்சுப் பாத்தேன். ஒட்டி வச்சா வந்துச்சு, திண்ணைக்குப் போனா போச்சு.

ரெண்டாவது: போனை சார்ஜர் ஒயர்ல லேப்டாப்போட இணைச்சு நெட் குடுத்தா வருதா? நல்லா வந்துச்சு. அப்ப நெட்டும் சரி, கம்ப்யூட்டரும் சரி.

மூணாவது: உள்ள இருக்கற வைஃபை கார்டு பேரு லிஸ்ட்டுல காட்டுதா? டிவைஸ் மேனேஜர்னு ஒரு இடம் இருக்கு, அதைத் திறக்கச் சொன்னார். காட்டுச்சு. அப்ப கார்டுக்கு உயிர் இருக்கு.

நாலாவது: மூடியை மெதுவா முன்ன பின்ன ஆட்டினா சிக்னல் கோடு கூடிக் குறையுதா? ஆட்டினேன். கூடிச்சு, குறைஞ்சுச்சு.

"அக்கா, போர்டு போகல. ஆன்டெனா ஒயர் போயிருக்கு"ன்னார் தம்பி.

எனக்கு அப்ப நம்ம வாய்க்கால்தான் ஞாபகம் வந்துச்சு. மேட்டூர்ல திறந்தாச்சு, கல்லணையில திறந்தாச்சு, புது ஆத்துல தண்ணி கரை தொட்டு ஓடுது. நம்ம வயலுக்கு மட்டும் வரலேன்னா ஆத்துல தண்ணி இல்லேன்னா சொல்வோம்? மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வாய்க்கால் ஓரமா நடந்து போய், எங்க மடை அடைச்சிருக்கு, எங்க நண்டு வளை போட்டு ஒழுகுதுன்னு பாப்போம் இல்லையா. அதையேதான் தம்பி செஞ்சார். தலைமடையில இருந்து கடைமடை வரைக்கும் ஒவ்வொரு இடமா நின்னு பாத்தார்.

இப்ப அந்த ஒயரு என்னன்னு சொல்லிடறேன். லேப்டாப்புக்குள்ள வைஃபை கார்டு சின்னதா, தீப்பெட்டி சைஸ்ல, அடியில இருக்கும். ஆனா காத்துல வர்ற சிக்னலைப் பிடிக்கிற ஆன்டெனா அங்க இல்ல. அது மூடியில, கண்ணாடிக்கு மேல, சட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, செம்புத் தகடு ஒட்டின மாதிரி. வைஃபை அலையோட நீளம் ஏறக்குறைய 12 செ.மீ. அதுல கால் பங்கு, 3 செ.மீ. நீளம் இருந்தாலே அதைப் பிடிச்சுடலாமாம். அதனாலதான் அவ்வளவு சின்னது. மேல இருக்கற ஆன்டெனாவையும் கீழ இருக்கற கார்டையும் சேர்க்கிறது ரெண்டு ஒயர், ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. பாவாடை நாடாவுக்குள்ள ஓடற நூல் மாதிரி, 1 மில்லிமீட்டர் கனம்தான்.

அந்த ரெண்டும் எங்க வழியா வருதுன்னு நினைக்கிறீங்க? மூடி மடங்கற கீல் வழியா. நாம தினம் திறந்து மூடற இடம். எங்க சின்னப் பய எப்பவும் ஒரு மூலையைப் பிடிச்சு மூடியைத் தூக்குவான். அதுல கீல் திருகு தளர்ந்து, ஒயர் நடுவுல மாட்டி நசுங்கியிருக்கு. குத்தம் எங்க வீட்டுலதான்.

அப்ப அறுந்த இடத்துல முறுக்கி டேப் சுத்தினா ஆகாதான்னு கேட்டேன். ஆகாதாம். கேபிள் டிவி ஒயரை நுனி சீவிப் பாத்திருப்பீங்க. நடுவுல ஒரு செம்புக் கம்பி, அதைச் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக், அதுக்கு மேல வலை மாதிரி கம்பி, அதுக்கு மேல தோல். இதுவும் அதே ஜாதிதான், ரொம்பப் பொடிசு. நடுக் கம்பியும் வலையும் ஒண்ணோட ஒண்ணு தொடாம, ஒரே இடைவெளியில கடைசி வரைக்கும் போகணும். ஃபேன் ஒயர் மாதிரி முறுக்கினா சிக்னல் அங்கேயே கசிஞ்சிடும். மாத்தித்தான் ஆகணும்.

அன்னைக்கு மத்தியானம் ஆரம்பிச்சேன். தம்பி வீடியோ காலில். நான் செஞ்சதை வரிசையா சொல்றேன்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழட்டி, ஆன் பட்டனை அஞ்சாறு நொடி அமுக்கிப் பிடிச்சேன். உள்ள மிச்சம் இருக்கற கரண்டு வடியறதுக்கு. நைலக்ஸ் புடவை வேண்டாம், நூல் புடவை கட்டிக்கோங்கன்னார், உடம்புல சேர்ற மின்சாரம் சின்ன சில்லையெல்லாம் கெடுத்துடுமாம். பீரோ கதவை ஒருதடவை தொட்டுட்டு உக்காந்தேன்.

பழைய காலண்டர் அட்டையில லேப்டாப் அடிப்பக்கத்தைப் படமா வரைஞ்சு, திருகு இருக்கற இடமெல்லாம் புள்ளி வச்சேன், கோலத்துக்கு வைக்கிற மாதிரி. எடுத்த திருகை அந்தந்தப் புள்ளியிலேயே குத்தி வச்சேன். திருகு ஒண்ணு போல இருந்தாலும் நீளம் வேற வேற. நீளத் திருகை குட்டை இடத்துல போட்டு முறுக்கினா மேல் பக்கம் பொத்துக்கிட்டு வந்துடும்.

ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல ஒரு போட்டோ. ஒயர் எந்தக் கொக்கிக்குள்ள போகுது, எங்க டேப் ஒட்டியிருக்குன்னு. இதை விட்டுடாதீங்க. திரும்பப் பூட்டறப்ப அதுதான் நமக்கு வாத்தியார்.

அடி மூடியை எடுத்ததும் கார்டு தெரிஞ்சுது. ஆனா ஒயர் கீபோர்டுக்கு அடியில ஓடினதால கீபோர்டையும் தூக்க வேண்டி வந்துச்சு. கீபோர்டுக்கு அடியில ரிப்பன் மாதிரி பட்டை ஒயர் இருக்கும். அதை இழுக்கக் கூடாது. அதைப் பிடிச்சிருக்கற சின்ன நாக்கை நகத்தால நிமிர்த்தினா தானா வரும். மூடிச் சட்டத்துல ரப்பர் பொட்டுக்கு அடியில திருகு ஒளிஞ்சிருந்துச்சு. அதை எடுத்துட்டு, பழைய ஏடிஎம் கார்டைச் சொருகி மெல்ல நெம்பினேன். கத்தி, ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா கண்ணாடி போயிடும்.

திறந்ததும் தெரிஞ்சுடுச்சு. கீல் பக்கத்துல கறுப்பு ஒயர் தோல் உரிஞ்சு, வலைக் கம்பி பிசிறு பிசிறா நின்னுச்சு. வெள்ளை ஒயர் பாதி நசுங்கியிருந்துச்சு. அதைப் பாத்தப்ப எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. இந்த நூலுக்காகவா 18,000 ரூபாயை எடுக்க இருந்தோம்!

பழைய ஒயரைக் கையில எடுத்துக்கிட்டு, மகளிர் இலவச பஸ்ஸுல தஞ்சாவூர் போனேன். ஸ்பேர் விக்கிற ஒரு கடையில ஜோடி 180 ரூபா. பழசைக் கொண்டுபோறது முக்கியம். ஏன்னா நுனியில இருக்கற கனெக்டர் ரெண்டு சைஸ்ல வருது. பழைய மாடலுக்குக் கொஞ்சம் பெருசு, இப்ப வர்ற மாடலுக்கு அதைவிடச் சின்னது. மாத்தி வாங்கினா மாட்டாது. நீளமும் பாக்கணும், கீல்ல மடங்கறதுக்குக் கொஞ்சம் தளர்வு வேணும்.

ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வச்சிட்டு மாட்ட உக்காந்தேன். ஆன்டெனாவை மேல ஒட்டி, கொக்கி கொக்கியா ஒயரை இறக்கி, கார்டு வரைக்கும் கொண்டுவந்துட்டேன். கடைசி வேலை, கனெக்டரை கார்டுல அமுக்கறது. மிளகுல பாதி இருக்கும் அது. அமுக்கினேன். உக்காரல. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நொறுக்குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா கறுப்பு ஒயர் நுனி சப்பிப் போயிருந்துச்சு. சாய்வா வச்சு அமுக்கிட்டேன். 180 ரூபா போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. அந்த அக்கா நாத்தங்காலே கண்ணுல நின்னுச்சு.

மறுநாள் என் கைக்காசுல இன்னொரு ஜோடி வாங்கி வந்தேன். இந்தத் தடவை தனியா உக்காரல. தையல் மிஷின் வச்சிருக்கற அக்காவைக் கூப்பிட்டேன். அவங்க கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. கனெக்டரைப் பாத்த உடனே, "இது டிச் பட்டன்டீ"ன்னாங்க. "பிள்ளைங்க கவுன்ல வைக்கிறோமே, அதேதான். எடுத்ததும் அமுக்கக் கூடாது. மேல வச்சு விரல் நுனியால லேசா சுத்திப் பாக்கணும். பொருந்தினா அசையாம நிக்கும். அப்பறம் நேரா ஒரே அமுக்கு." ஊசி கோத்த கை அது. வச்சாங்க, தடவினாங்க, அமுக்கினாங்க. டிக்குன்னு உக்காந்துச்சு. கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. நான் டார்ச் பிடிச்சேன், அவ்வளவுதான். அதைச் சும்மா சும்மா கழட்டி மாட்டக்கூடாதாம். சுமார் 30 தடவைக்கு மேல பிடிப்பு நிக்காதுன்னு தம்பி சொன்னார்.

கீல் திருகை இறுக்கி, ஒயரைக் கீல்ல மாட்டாம ஓரமா ஒதுக்கி, போட்டோ பாத்துப் பூட்டினோம். ஒரு திருகு மிச்சம் வந்துச்சு. திரும்பப் பிரிச்சு அது எங்கேன்னு கண்டுபிடிச்சுப் போட்டோம். ஆன் பண்ணோம். போனை எடுத்துக்கிட்டு அக்கா திண்ணைக்குப் போனாங்க, வாசலுக்குப் போனாங்க, எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை வரைக்கும் போனாங்க. நெட் போகல. அன்னைக்கு ராத்திரி 9 மணிக்கு 6 குழுப் பட்டியலும் மெயில்ல போச்சு.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அந்த அக்காவுக்கு 20,000 குடுக்கறதுன்னு தீர்மானம் எழுதினோம். செவ்வாய்க்கிழமை நடவு நட்டாங்க. மாசியில அறுத்து, கடனைக் கட்டிட்டாங்க. மொத்தச் செலவு 360 ரூபா. அதுல 180 என் அவசரத்துக்குக் குடுத்த விலை. அதைக் கூட்டமைப்பே ஏத்துக்கிச்சு. கெடுத்ததையும் நான் கூட்டத்துல மறைக்காம சொன்னேன், யாரும் சிரிக்கல.

தம்பி அப்ப ஒரு சேதி சொன்னார். ஹெடி லமார்னு ஒரு சினிமா நடிகை, ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா போனவங்க. ஒரு இசையமைப்பாளரோட சேர்ந்து 1942-ல் ஒரு காப்புரிமை வாங்கியிருக்காங்க. தண்ணிக்குள்ள போற டார்பிடோ குண்டுக்கு ரேடியோவில கட்டளை குடுக்கறப்ப எதிரி குறுக்கே புகுந்து கெடுக்காம இருக்க, அலைவரிசையை மாத்தி மாத்தித் தாவற முறை. அப்படித் தாவற முறையிலதான் இன்னைக்கு நம்ம போன்ல புளூடூத் ஓடுது. அவங்களும் இன்ஜினியருக்குப் படிச்சவங்க இல்ல. நான் அவங்க அளவுக்குப் பேச வரல. பொம்பளைக்கு இதுல என்ன வேலைன்னு இனிமே யாராவது கேட்டா சொல்லறதுக்கு ஒரு பேரு தெரிஞ்சு வச்சுக்குவோமேன்னு சொன்னேன்.

அதுக்காக எல்லாத்தையும் கழட்டுங்கன்னு சொல்லல. வாரண்டி இருக்கற சாமானைத் திறக்காதீங்க, வாரண்டி போயிடும். பேட்டரி உப்பியிருந்தா தொடாதீங்க, குத்தினா தீப்பிடிக்கும். சார்ஜர், டிவி இதுகளைப் பிரிக்காதீங்க, ஒயரைப் பிடுங்கின பிறகும் உள்ள கரண்டு தங்கியிருக்கும். அதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக் வேலை.

இப்ப நம்ம கூட்டமைப்புல ஒரு பழக்கம் வச்சிருக்கோம். எது ரிப்பேருன்னாலும், வேற வாங்கறதுக்குத் தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல போயிருக்குன்னு ஒருத்தர் பாத்து கூட்டத்துல சொல்லணும். ரெண்டு இடத்துல விலை கேக்கணும். பொதுப் பணம் பெட்டியில சும்மா கிடக்கறது இல்ல. அது யாரோ ஒருத்தரோட நடவுக் கூலி, யாரோ ஒரு பிள்ளையோட ஃபீஸ். சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் ஒண்ணு வாங்கி ஆபீஸ் பீரோவில வச்சிருக்கோம். வேணுங்கறவங்க நோட்டுல எழுதி வாங்கிட்டுப் போகலாம். காலண்டர் அட்டையையும் மறக்காம எடுத்துக்கோங்க.

பீரோ மேல துணி சுத்திக் கிடக்கற லேப்டாப் உங்க வீட்டுல இருந்தா, ஒருநாள் எடுத்துட்டு வாங்க. நானும் தையல் அக்காவும் மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்ல இருப்போம். முதல்ல அந்த நாலு கேள்வியக் கேட்டுப் பாப்போம். சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எங்க போயிருக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்.